வீட்டில் செய்த கேம்பிங் டிரெய்லருக்கு விளக்கு: எர்த் வயரிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி, 9 ஜூன்

பெங்களூரு பீன்யாவில் ஒரு வெல்டிங் பட்டறையில் இரும்புச் சட்டம் செய்து வாங்கி, அதன்மேல் பிளைவுட் பெட்டி கட்டியிருக்கிறேன். நீளம் பத்தடி, அகலம் ஐந்தரை அடி. பெட்டியின் பின்பக்கம் மேல்நோக்கித் திறக்கும் கதவு. அதற்குள் சமையல் மேடை. கார் அகலமாக இருப்பதால் அதன் விளக்குகளே இரு பக்கமும் தெரியும், பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் என்கிறார் பட்டறைக்காரர். பகலில் மட்டும்தான் ஓட்டப்போகிறேன். தனி வயரிங் உண்மையிலேயே தேவையா?

10 ஜூன், காலை

தேவை. பட்டறைக்காரர் வெல்டிங்கில் கெட்டிக்காரராக இருக்கலாம். இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

காரின் விளக்கு இரு பக்கமும் தெரியும் என்பது தூரத்தில் நின்று பார்த்தால்தான் ஓரளவு உண்மை. பின்னால் வருபவர் நெருங்க நெருங்க, அவருக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டி பெரிதாகத் தெரியும். அதற்கும் அப்பால் இருக்கும் கார் அதன் பின்னே மறைந்துவிடும். பிரேக் விளக்கு மிக அவசியமாகத் தெரிய வேண்டிய நேரத்தில்தான் அது கண்ணுக்குப் படாது. பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் பகலுக்கும் சேர்த்துத்தான் இருக்கின்றன. பகலில் மட்டும் ஓட்டினாலும் பிரேக்கை மிதிக்கத்தானே போகிறீர்கள்?

ஸ்டிக்கர் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒட்டுங்கள். ஆனால் பின்னால் வருபவரின் ஹெட்லைட் அதன்மேல் விழுந்தால்தான் அது ஒளிரும். நீங்கள் நிற்கப்போகிறீர்களா திரும்பப்போகிறீர்களா என்பதை அது சொல்லாது.

10 ஜூன், இரவு

காலையில் அவசரமாக எழுதினேன். விட்டுப்போனதைச் சேர்க்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்பதற்கான விளக்கத்திலேயே டிரெய்லரும் அடங்கும். வீட்டில் செய்தது என்பதால் விலக்கு எதுவும் இல்லை. பதிவு பற்றி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேசிவிட்டு வண்டியைச் சாலையில் இறக்குங்கள்; விளக்கு போட்டுவிட்டதால் மட்டும் அந்த வேலை முடிந்துவிடாது. விளக்கைப் பற்றி மத்திய மோட்டார் வாகன விதிகளின் 105-வது விதி தெளிவாகவே பேசுகிறது: பின்னால் சிவப்பு விளக்கு 155 மீட்டரிலிருந்து தெரிய வேண்டும், நம்பர் பிளேட்டின் மேல் வெள்ளை வெளிச்சம் விழுந்து 15 மீட்டரிலிருந்து எண்ணைப் படிக்க முடிய வேண்டும். 108-வது விதிப்படி முன்பக்கம் சிவப்பு காட்டக்கூடாது. டிரெய்லர்களில் அழகுக்காகச் சுற்றிவர ஒட்டும் வண்ண எல்.இ.டி. பட்டைகளை இதனால்தான் நான் எதிர்க்கிறேன்.

இந்த விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாண்டியாப் பக்கம், கரும்பு வெட்டும் காலம். இருட்டும் வேளையில் ஒரு கிளைச்சாலையில் வந்துகொண்டிருந்தேன். எதிரே வந்த லாரியின் வெளிச்சம் கண்ணில் அடித்து விலகியதும், முன்னால் சாலையின் குறுக்கே ஒரு சுவர் நிற்பதைப்போலத் தெரிந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர். விளக்கு, ரிஃப்ளெக்டர் எதுவுமே இல்லை. கரும்புத் தோகை என் காரின் பானெட்டை உரசும் தூரத்தில் நின்றேன். பின்சீட்டில் என் அம்மா இருந்தார். டிராக்டர்காரருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். டிரெய்லர் இழுக்கும் யாருக்கும் தன் பின்னால் நடப்பது தெரியாது. அதனால்தான் புறப்படுவதற்கு முன்பே யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

13 ஜூன்

எந்த விளக்கை எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் என்பதால் கதவில் எதையும் வைக்காதீர்கள். சாலையோரம் நிறுத்திக் கதவைத் தூக்கினால் விளக்குகள் வானத்தைப் பார்க்கும். இரும்புச் சட்டத்திலோ மட்கார்டுக்குப் பின்னாலோ, அசையாத இடத்தில் வையுங்கள். ஐரோப்பிய விதிகளில் பின்விளக்கு தரையிலிருந்து 350 மி.மீ.க்குக் குறையாமலும் 1,500 மி.மீ.க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். வண்டியின் வெளி ஓரத்திலிருந்து 400 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். நல்ல அளவுகள், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். விளக்குகள் ஓரத்தில் இருந்தால்தான் இருட்டில் வண்டியின் அகலம் பின்னால் வருபவருக்குப் புரியும். நடுவில் சேர்த்து வைத்தால் தூரத்திலிருந்து பார்ப்பவர் பைக் என்று நினைத்துக்கொள்வார்.

பின்பக்கத்துக்கு வேண்டியவை: இரண்டு சிவப்பு விளக்கு, இரண்டு பிரேக் விளக்கு, இரண்டு ஆரஞ்சு இண்டிகேட்டர், நம்பர் பிளேட்டுக்கு வெள்ளை விளக்கு, இரண்டு முக்கோணச் சிவப்பு ரிஃப்ளெக்டர். முக்கோணத்தின் நுனி மேலே பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் பின்பக்க முக்கோண ரிஃப்ளெக்டர் டிரெய்லருக்குக் கட்டாயம். மோட்டார் வண்டியின் பின்னால் அதை வைப்பதற்கே தடை. அந்த முக்கோணம் கண்ணில் பட்டாலே அது இழுத்துச் செல்லப்படும் வண்டி என்று தெரிந்துவிடும். மின்சாரமும் வேண்டாம், ஃப்யூஸ் போனாலும் அது வேலை செய்யும். இத்தனை உருப்படிகளில் விலை குறைந்தது அதுதான். முதலில் வாங்க வேண்டியதும் அதுதான்.

ஒளிரும் பட்டைக்கு நிறம்: முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. கடையில் ஒரே நிறத்தைச் சுற்றிவர ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

14 ஜூன்

நேற்று எழுதியதெல்லாம் பின்பக்கம் பற்றி. பெங்களூரில் ஓட்டுபவர் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் அதே அளவு கவனிக்க வேண்டும் என்று ராத்திரி படுத்த பிறகு தோன்றியது.

காரையும் பெட்டியையும் இணைக்கும் டோ பார் முழங்கால் உயரத்துக்குக் கீழே இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது காருக்கும் பெட்டிக்கும் நடுவே ஓர் ஆள் நடந்துபோகும் அளவுக்கு வெற்றிடம் தெரியும். நம் ஊர் ஸ்கூட்டர்காரர் அந்த இடைவெளியைப் பார்த்தால் என்ன செய்வார்? ஹெப்பாள் மேம்பாலத்துக்குக் கீழே, மாலை நெரிசலில் என் டிரெய்லரோடு நின்றிருந்தபோது, ஒரு பெண் ஸ்கூட்டரை அதற்குள் திருப்பியதை என் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டும் தனித்தனி வண்டி என்று நினைத்துவிட்டார். சிக்னல் பச்சையாகும் நேரம். நான் நகரவில்லை. பின்னால் எல்லோரும் ஹார்ன் அடித்தார்கள். அவர் குனிந்து கம்பியைப் பார்த்துவிட்டு, காலால் தள்ளித் தள்ளி ஸ்கூட்டரைப் பின்னுக்கு எடுத்தார். பார்க்காமல் நான் கிளப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத மனம் வரவில்லை. நடந்து சாலையைக் கடப்பவர்களும் இதே இடைவெளியில் நுழைவார்கள்.

அந்த வாரமே டோ பாரின் இரு பக்கமும் முழு நீளத்துக்கு மஞ்சள் ஒளிரும் பட்டை ஒட்டினேன். பெட்டியின் முன் மூலைகளில், பக்கவாட்டைப் பார்த்தபடி சிறிய ஆரஞ்சு விளக்கு. பின்விளக்கோடு சேர்ந்தே எரியும். டோ பாரின் நடுவில், பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு. எந்த நாட்டு விதியிலிருந்தும் எடுத்ததல்ல, இந்த ஊர்ச் சாலை கற்றுக்கொடுத்தது. நடுவில் வைத்த அந்த விளக்குகளைப் பார்த்ததும் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

19 ஜூன்

வயரிங்குக்கு வருகிறேன். கேள்வி கேட்டவர் இணையத்தில் வாங்கிய ஒரு விளக்குப் பெட்டியின் படத்தை அனுப்பியிருக்கிறார். வெள்ளை, பழுப்பு, மஞ்சள், பச்சை என நான்கு வயர். அது அமெரிக்க முறை. வெள்ளை எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி), பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. பிரேக்குக்குத் தனி வயர் எங்கே என்று கேட்டிருக்கிறார். கிடையாது. அமெரிக்காவில் பல வண்டிகளில் பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே சிவப்பு விளக்கு. பிரேக் மிதித்தால் இரண்டும் எரியும். திரும்பும் பக்கத்து விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரியும்.

நம் கார்களில் பிரேக் சிவப்பு, இண்டிகேட்டர் ஆரஞ்சு, வயரும் தனித்தனி. இரண்டையும் ஒரே வயரில் முடிச்சுப் போட்டால் இடது இண்டிகேட்டரின் மின்சாரம் பிரேக் வயர் வழியாக வலது பக்கத்துக்கும் போய்விடும். நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வைத்தால் இணைக்கலாம். ஆனால் சிவப்பு விளக்கு மினுக்குவதைப் பார்த்து, இவர் திரும்புகிறார் என்று நம் சாலையில் யாருக்குப் புரியும்? திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் அதைப் பின்விளக்காகவும் பிரேக் விளக்காகவும் மட்டும் வைத்துக்கொண்டு, ஆரஞ்சு இண்டிகேட்டரைத் தனியாக வாங்குங்கள்.

நமக்குப் பொருந்துவது ஐரோப்பாவில் வழங்கும் ஏழு முனை வட்ட சாக்கெட். 1 இடது இண்டிகேட்டர், மஞ்சள். 2 பின்பக்கப் பனி விளக்கு, நீலம். 3 எர்த், வெள்ளை. 4 வலது இண்டிகேட்டர், பச்சை. 5 வலது பின்விளக்கு, பழுப்பு. 6 பிரேக், சிவப்பு. 7 இடது பின்விளக்கு, கருப்பு. மலிவான பிளக்குகளில் வயர் நிறம் இந்த வரிசையில் இருக்கும் என்று நம்பாதீர்கள். பிளக்கின் உள்ளே முனைக்குப் பக்கத்தில் எண் பொறித்திருக்கும், அதைப் பாருங்கள்.

20 ஜூன்

இந்தக் கேள்வி-பதில் தொடர் முழுவதிலும் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். எர்த்துக்குத் தனி வயர் போடுங்கள். ஒவ்வொரு விளக்கிலிருந்தும் பிளக்கின் மூன்றாவது முனை வரை, செம்பு வயர்.

காரில் பாடி எர்த் (காரின் இரும்பு உடலையே எர்த்தாகக் கொள்வது) பழகியவர்கள், டிரெய்லர் சட்டமும் இரும்புதானே என்று விளக்கின் எர்த்தைச் சட்டத்தில் ஒரு ஸ்க்ரூ போட்டு முடித்துவிடுகிறார்கள். சட்டத்திலிருந்து அது காருக்குத் திரும்ப வேண்டிய வழி எது? டோ ஹூக்கின் குண்டு. அதன்மேல் கிரீஸ் பூசியிருக்கும், துரு பிடித்திருக்கும், ஓடும்போது குலுங்கும். நிற்கும்போது எரியும் விளக்கு ஓடும்போது அணையும். உங்களுக்குத் தெரியவே தெரியாது.

எலஹங்காவில் ஒரு நண்பரின் டிரெய்லரில் இதைக் கண்ணால் பார்த்தோம். பிரேக்கை மிதித்தால் பிரேக் விளக்கு பளிச்சென்று வரவில்லை. பின்விளக்குகள் மங்கலாகச் சிவந்தன. இண்டிகேட்டரைப் போட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்து லேசாகத் துடித்தன. பல்பு மாற்றினார், ஹோல்டர் மாற்றினார், வயரை இழுத்து இழுத்துப் பார்த்தார். கடைசியில் ஸ்ரீராமபுரத்திலிருந்து ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பெரியவரை அழைத்து வந்தோம். நம் ஊர்க்காரர்தான், அவருடைய அப்பா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். பையிலிருந்து ஹோல்டரில் மாட்டிய ஒரு பல்பும் இரண்டு நீள வயரும் மட்டும் எடுத்தார். “எல்லாவற்றையும் அப்புறம் பார்க்கலாம் தம்பி, முதலில் எர்த்தைக் காட்டு” என்றார். நண்பர் சட்டத்தில் இருந்த ஸ்க்ரூவைக் காட்டினார். பெரியவர் ஒரு நீள வயரின் ஒரு நுனியை அந்த ஸ்க்ரூவில் சுற்றினார், மறு நுனியைக் காரின் பேட்டரி நெகட்டிவில் தொட்டார். பின்னால் எல்லா விளக்கும் ஒரே சமயத்தில் பளீரென்று வந்தன. நண்பரின் மகள் கைதட்டினாள்.

நடந்தது இதுதான். இரட்டை இழை பல்பில் பிரேக்குக்கு 21 வாட் இழை, பின்விளக்குக்கு 5 வாட் இழை. இரண்டுக்கும் எர்த் ஒன்றே. அந்த வழி அடைபட்டால் பிரேக் இழைக்குள் வந்த மின்சாரம் பின்விளக்கு இழைக்குள் நுழைந்து, அதன் வயர் வழியாகக் காருக்கே திரும்பி, காரின் பின்விளக்கு மூலம் எர்த்தைத் தேடிப் போகும். போகிற வழியில் இருப்பதெல்லாம் அரைகுறையாக எரியும். ஆகவே ஒரு விளக்கைப் போட்டு வேறொரு விளக்கு எரிந்தால் பல்பைத் தொடாதீர்கள். எர்த்தைப் பாருங்கள்.

சட்டத்தையும் அதே எர்த் வயரோடு ஓரிடத்தில் இணைத்துவிடுவது நல்லது. ஆனால் சட்டத்தை நம்பி எந்த விளக்கையும் விடாதீர்கள்.

24 ஜூன்

வயர் தடிமன் பற்றிக் கோரமங்கலா நண்பர் கேட்டதற்கு. மெல்லிய வயர் போதாதா, விளக்குத்தானே என்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 21 வாட் பல்பு இரண்டு, 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். காரின் பின்பக்கம் வரையிலும் டிரெய்லரின் கோடி வரையிலும் போக 7 மீட்டர், திரும்ப 7 மீட்டர். 0.5 சதுர மி.மீ. வயரில் ஏறத்தாழ ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். இழை பல்பு வோல்ட்டேஜுக்கு மிகவும் மசியும். இந்த அளவு குறைந்தாலே வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். 1.5 சதுர மி.மீ. வயரில் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் இழப்பு. எர்த்துக்கு அதைவிட ஒரு படி தடிமனாகப் போடுங்கள், எல்லா விளக்கின் மின்சாரமும் அதில்தான் திரும்புகிறது.

எல்.இ.டி. என்றால் மின்சாரம் மிகக் குறைவு, மெல்லிய வயரே தாங்கும். இருந்தும் 1.5-ஐத்தான் சொல்வேன். மெல்லிய வயர் மின்சாரத்தால் அறுவதைவிடக் குலுக்கலில் அறுவதுதான் அதிகம்.

வாங்க ஜே.சி. ரோடு போங்கள். விளக்கு, சாக்கெட், ரிஃப்ளெக்டர் எல்லாம் அங்கேயே கிடைக்கும். ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுவது), சூடாக்கினால் சுருங்கும் ஸ்லீவ் போன்றவற்றுக்கு எஸ்.பி. ரோடு. ஞாயிற்றுக்கிழமை போய் ஏமாறாதீர்கள்.

2 ஜூலை

சால்டரிங் செய்யாமல் லக் (வயரின் நுனியில் மாட்டும் உலோக முனை) வைத்து அழுத்தினால் கழன்றுவிடாதா என்று ஒருவர் வாதிடுகிறார். வீட்டில் ரேடியோ பழுது பார்த்த பழக்கத்தில் கேட்கிறார் என்று நினைக்கிறேன். ஓடாத பொருளுக்கு ஈயம் சிறந்தது. ஓடும் வண்டியில், ஈயம் வயரின் இழைகளுக்குள் ஊறி ஒரு நீளத்துக்கு அதை விறைப்பாக்கிவிடும். விறைப்பும் நெகிழ்வும் சந்திக்கும் இடத்தில் குலுங்கிக் குலுங்கி அறும். சரியான அளவு லக், சரியான அழுத்தும் கருவி, மேலே உள்பக்கம் பசை உள்ள சுருங்கும் ஸ்லீவ். அழுத்திய பிறகு கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் வீட்டிலேயே வந்தது என்று சந்தோஷப்படுங்கள்.

கருப்பு இன்சுலேஷன் டேப்பை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு கோடையில் பசை உருகி வழிந்து, டேப் சுருண்டு, இணைப்பு வெளியே தெரியும்.

3 ஜூலை

எலிகளைப் பற்றி எழுத மறந்துவிட்டேன் என்று நினைவூட்டியவருக்கு நன்றி. அடுக்குமாடி வளாகத்தில் மாதக்கணக்கில் நிற்கும் டிரெய்லருக்கு எலிதான் முதல் எதிரி. வயரை நெளிவுக் குழாய்க்குள் விட்டால் மட்டும் போதாது, அதையும் கடிக்கும். சட்டத்தின் பெட்டிக் குழாய்க்குள்ளேயே வயரை ஓட்டி, நுழையும் துளைகளில் ரப்பர் வளையம் வைத்து அடைத்துவிடுங்கள். ரப்பர் வளையம் இன்னொரு வேலையும் செய்யும்: துளையின் இரும்பு விளிம்பு வயரின் தோலை அறுக்காது.

வளாகத்தில் டிரெய்லர் நிறுத்த இடம் கேட்டு நான் சங்கக் கூட்டத்தில் பேசியது தனிக்கதை. சிறுவர்கள் இரவில் அங்கே சைக்கிள் ஓட்டுகிறார்கள், இருட்டில் மோதிக்கொள்வார்கள் என்று ஒரு பாட்டி எழுந்து சொன்னார். நியாயமான கவலை. டோ பாரின் மஞ்சள் பட்டையைக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார். அவர் சொன்னதற்காகவே டோ பாரின் நுனிக்கு ரப்பர் உறையும் போட்டேன்.

11 ஜூலை

காரின் பக்கம். இதில் கை வைக்கும் முன் யோசியுங்கள்.

பழைய கார்களில் பின்விளக்கு வயரிலேயே ஒரு கிளை எடுத்து டிரெய்லருக்குக் கொடுப்பார்கள், ஓடிக்கொண்டிருக்கும். இப்போது வரும் பல கார்களில் விளக்குகளை ஒரு கம்ப்யூட்டர் இயக்குகிறது. எவ்வளவு மின்சாரம் போகிறது என்று அது அளக்கிறது. அதிகம் இழுத்தால் பல்பு பழுது என்று எச்சரிக்கும், அல்லது அந்த வழியையே மூடிவிடும். அந்தக் கம்ப்யூட்டரே கெட்டால் செலவு பெரிது.

ஆகவே கார் வயரிலிருந்து சிக்னலை மட்டும் எடுங்கள், மின்சாரத்தை எடுக்காதீர்கள். பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃப்யூஸ், பின்பக்கத்தில் ரிலே. கார் வயர் ரிலேயின் 85, 86 முனைகளை மட்டும் தூண்டும். விளக்குக்குப் போகும் மின்சாரம் 30-லிருந்து 87-க்குப் போகும். தூண்டும் சுருளின் குறுக்கே ஒரு டயோடு வையுங்கள். ரிலே விடுபடும்போது எழும் எதிர் அதிர்ச்சி காரின் கம்ப்யூட்டருக்குப் போகாமல் அது தடுக்கும். இந்த வேலைக்கென்றே தயாராக விற்கும் டிரெய்லர் மாட்யூல் கிடைத்தால் அதுவே மேல்.

ஃப்யூஸ் அளவு: எல்லாம் எல்.இ.டி. என்றால் 5 ஆம்பியர் போதும். எல்லாம் இழை பல்பு என்றால், ஹஸார்டும் பிரேக்கும் சேர்ந்து எரியும்போது 8 ஆம்பியரைத் தொடும். 10 ஆம்பியர் போடுங்கள். ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிதாக மாற்றாதீர்கள். எங்கோ வயர் உரசுகிறது, அதைத் தேடுங்கள்.

12 ஜூலை

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்கிறார்: எனக்கு எல்.இ.டி. பின்விளக்கு, கார் ஓடும்போது லேசாக நடுங்குகிறது, எர்த் சரியாக இருக்கிறது, ஏன்?

சில கார்கள் பின்விளக்குக்குத் தொடர்ச்சியான மின்சாரம் தருவதில்லை. மிக வேகமாகத் துண்டு துண்டாக அனுப்புகின்றன. இழை பல்பு அதைப் பொருட்படுத்தாது, இழை சூடாகவே இருக்கும். எல்.இ.டி. ஒவ்வொரு துண்டையும் காட்டிக்கொடுத்துவிடும். சாதாரண ரிலேயும் அந்தத் துடிப்பில் கடகடக்கும். இத்தகைய கார்களுக்கு மாட்யூல்தான் சரி. ரிலேயே போதும் என்று நேற்று நினைத்திருந்தவர்கள், வாங்கும் முன் தங்கள் கார் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்.இ.டி.யா இழை பல்பா என்றால் என் ஓட்டு எல்.இ.டி.க்குத்தான். சில நொடிப் பின்னங்கள் முன்னதாகவே எரிகிறது. குலுக்கலில் அறுந்துபோக உள்ளே இழை இல்லை. ஆனால் மூடி முத்திரையிட்டதை, ஐ.பி. 67 என்று போட்டதை வாங்குங்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். மே மாத மழையில் நம் சுரங்கப்பாதைகளைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

5 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவர் வேலையை முடித்துவிட்டார். படம் பார்த்தேன், மிகவும் மகிழ்ச்சி. ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். சமையல் மேடைக்கு மேலே வெள்ளை ஃப்ளட் விளக்கு வைத்திருக்கிறீர்கள். முகாமில் அருமையாக இருக்கும். அணைக்க மறந்து சாலையில் கிளம்பினால், கதவின் இடுக்கு வழியாகப் பின்னால் வருபவரின் கண்ணில் வெள்ளை வெளிச்சம் அடிக்கும். உங்கள் சிவப்பு விளக்கு அதில் காணாமல் போகும். பின்பக்கம் வெள்ளை காட்டி ஓட்டுவது விதிக்கும் விரோதம்.

இதற்கு எளிய வழி இருக்கிறது. ஐந்து முனை ரிலேயில் 87ஏ என்ற முனை, ரிலே தூண்டப்படாதபோது மட்டும் இணைந்திருக்கும். ஃப்ளட் விளக்கை அதன் வழியே விட்டு, தூண்டும் முனையைப் பின்விளக்கு வயரோடு சேர்த்துவிடுங்கள். காரில் விளக்கைப் போட்ட கணமே ஃப்ளட் தானாக அணையும். மனித ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை. பகலில் விளக்கு போடாமல் ஓட்டினால் இது வேலை செய்யாது. அதற்கும் சேர்த்து, டிரெய்லர் மாட்டியிருக்கும்போது பகலிலும் பின்விளக்கைப் போட்டே ஓட்டுங்கள்.

18 ஆகஸ்ட்

சேலம் போகிறவர் தொப்பூர் கணவாய் பற்றிக் கேட்டார். இரவில் வேண்டாம். விளக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்த இறக்கத்தில் பாரம் ஏற்றிய லாரி பின்னால் வரும்போது உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்தாலும் அவரால் உடனே நிறுத்த முடியாது. விடிந்த பிறகு இறங்குங்கள். அதேபோல் பந்திப்பூர் வழியாகப் போகிறவர்கள் இரவு 9 முதல் காலை 6 வரை அந்தச் சாலை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்துக்கே அங்கே போய்ச் சேருமாறு கிளம்பினால் இருட்டில் அவசரப்பட வேண்டியிருக்காது.

கிளம்பும் முன் சோதனை எங்கள் வீட்டில் என் அண்ணன் மகளின் பொறுப்பு. டிரெய்லருக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று, “இடது சரி! வலது சரி! பிரேக் சரி!” என்று ரயில்வே கார்டு மாதிரி கத்துவாள். பிரேக்கையும் இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடச் சொல்வதை அவளாகவே கண்டுபிடித்தாள். தனித்தனியாகச் சரியாக எரிந்து, சேர்த்துப் போட்டால் மங்கும் விளக்கு எர்த் நோயாளி. தனியாகப் போகிறவர்கள் சுவரை நோக்கிப் பின்னால் நிறுத்தி, சுவரில் விழும் நிறத்தைக் கண்ணாடியில் பார்க்கலாம்.

1 செப்டம்பர்

ரிவர்ஸ் விளக்கு சேர்க்க முடியுமா என்பது கடைசியாக வந்த கேள்வி.

ஏழு முனை சாக்கெட்டில் அதற்கு இடமில்லை. பனி விளக்கின் இரண்டாம் முனையை எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நாளைக்கு வேறொரு காரில் மாட்டினால் பனி விளக்கு சுவிட்சைப் போட்டதும் ரிவர்ஸ் விளக்கு எரிந்துகொண்டே வரும். அதனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். பதின்மூன்று முனை சாக்கெட் வாங்குங்கள், அதில் எட்டாவது முனை ரிவர்ஸுக்கு. முதல் ஏழும் அதே வேலைகளுக்குத்தான், அதே எண்களில். போட்ட வயரிங்கைக் கலைக்க வேண்டாம். பதின்மூன்று முனையில் எர்த்துக்கே ஒன்றுக்கு மேற்பட்ட முனைகள் இருக்கின்றன. அவற்றையும் காலியாக விடாமல் வயர் போட்டுவிடுங்கள்.